கைகட்டி நின்ற நஞ்சப்பன்

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் நான் மாவாட்டிக்கொண்டிருந்தபோது, கை நடுங்கும் பெரியவர் ஒருவர் சாப்பிட வந்தார். பரிமாறுகிற நஞ்சப்பன், வடையைச் சமையல்கட்டிலேயே சிறு துண்டுகளாகப் பிட்டுச் சாம்பாரில் போட்டு, ஸ்பூனோடு கொண்டுபோய் வைத்தார். எல்லோருக்கும் அப்படித்தான் வைப்போம் என்பது போல நகர்ந்துவிட்டார்.

கடவுள் கொடுத்த மனசு அப்படி. ஆனால் நஞ்சப்பன் பரிமாறுகிற மேசையில் மட்டும் யாரும் இரண்டாவது முறை எதுவும் கேட்க மாட்டார்கள். மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டுப் பசியோடு வருகிற விவசாயிகள்கூட இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார்கள்.

முதலாளி சென்னப்பன் ஒருநாள் சொல்லிவிட்டார். "நஞ்சப்பா, உன்னப் பாத்தாலே சனம் எந்திரிச்சு ஓடுது. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் பாத்திரம் கழுவப் போயிரு."

"யாரையும் ஒரு வார்த்த கடிஞ்சதில்லீங்களே, முதலாளி!"

பரிமாறுவதை விட்டால் அவருக்கு உயிரே போன மாதிரி. அன்று அவர் சாப்பிடவே இல்லை. கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் அவரைக் கூட்டிப்போனேன்.

"டேபிள்கிட்ட நிக்கற மாதிரி நில்லுப்பா."

நின்றார். கையைக் கட்டி, விறைப்பாக, தட்டையே முறைக்கிற பார்வையோடு.

"அய்யய்யோ! திருடனப் புடிக்க வந்த ஏட்டு மாதிரியில்ல இருக்கறேன்!"

"கைய எதுக்குக் கட்டறே?"

"சாப்புடறவங்க முன்னாடி கைய வீசிக்கிட்டு நிக்கலாமாக்கா? தீர்த்தமலையில சாமி முன்னாடி இப்படித்தானே நிக்கறோம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாமி இன்னொரு இட்லி கேக்காதுப்பா. இவங்க கேக்கணுமில்ல?"

கையைக் கீழே விட்டார். அது எங்கே போவதென்று தெரியாமல் தவித்தது. சாம்பார் வாளியைக் கொடுத்தேன். கொஞ்சம் குனிந்து, சாப்பிடுகிறவர் முகம் பார்த்து நிற்கப் பழகினார். சிரிப்புதான் முதலில் பல்வலிக்காரர் சிரிப்பாக இருந்தது.

"மாமோய், பல்லு கழண்டு சாம்பார்ல விழப்போவுது!" என்றான் தோசை சுடுகிற முருகேஷ்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பெண் தட்டை நீட்டி, "அண்ணா, இன்னொரு பூரி" என்றாள்.

நஞ்சப்பன் போட்ட சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது. "அக்கா, கேட்டுட்டாங்க! பூரி கேட்டுட்டாங்க!"

முதலாளியே சிரித்துவிட்டார். பாத்திரம் கழுவுகிற பேச்சு அதோடு போயிற்று.

போன தை மாதம், ஏரியூரில் சொந்தமாகச் சின்ன மெஸ் போடப் புறப்பட்டார். பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னார்:

"அக்கா, நம்ம கடைக்கு வாங்க. வெக்கப்படாம ரெண்டாந்தடவ கேளுங்க, ஆமா!"