கீப்பரின் முதுகு

வானகரத்தில் பைபாஸை ஒட்டி செயற்கைப் புல் போட்ட ஒரு டர்ஃப் மைதானம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே கால்பந்து நடுவராக விசில் ஊதுகிறேன். மற்ற நாட்களில் கணக்குத் தணிக்கை. இரண்டு வேலைக்கும் ஒரே ஒழுங்குதான் என்று நினைத்திருந்தேன்: கண்ணால் பார்க்காததைச் சொல்லக் கூடாது.

எங்கள் ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்று எனக்குத் தெரியாவிட்டால் கீப்பரிடமே கேட்பேன். அவர் சொல்வதுதான் முடிவு. பொய் சொன்ன கீப்பரை அடுத்த வாரம் யாரும் ஆடக் கூப்பிட மாட்டார்கள்.

இந்த வருடம் போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு கோலுக்குப் பின்னாலும் ஸ்டாண்டு போட்டுக் கைப்பேசி வைத்தார்கள். ஒரு அணி ஒரு முறை வீடியோ பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதிலும் தெளியாவிட்டால் நான் முதலில் சொன்னதே நிற்கும். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அரையிறுதி. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐடி பையன்களுக்கும் பாடியிலுள்ள தொழிற்சாலை ஆட்களுக்கும் ஆட்டம். பாடி அணி இதுவரை இறுதிக்குப் போனதில்லை. அவர்களின் கீப்பர் என்னைவிடச் சற்று மூத்தவர். தன் அணிக்கு எதிராகவே பலமுறை "கோல்தான் சார்" என்று சொன்னவர்.

ஒன்றுக்கு ஒன்று. முடியப்போகிற நேரம். கீப்பர் கோட்டருகே விழுந்து பந்தை வெளியே தள்ளினார். இரண்டு பேர் மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் தொடரட்டும் என்று கை காட்டினேன். ஐடி பையன்கள் வீடியோ பார்க்கச் சொல்லி விரலால் காற்றில் பெட்டி வரைந்தார்கள்.

கீப்பர் எழுந்து, கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னையே பார்த்து நின்றார். நான் அவரைத் தாண்டிக் கைப்பேசியிடம் போனேன்.

வெயிலில் திரை தெரியவில்லை. கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு ஓட்டினேன், நிறுத்தினேன், பெரிதாக்கினேன், மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் பந்து இருக்க வேண்டிய இடத்தில் கீப்பரின் முதுகுதான் இருந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "இன்னா சார், முழுப் படமா? இன்டர்வல் உண்டா?" என்றார். சிரித்தார்கள்.

திரும்பிக் கீப்பரிடம் வந்தேன். "அண்ணே, தாண்டுச்சா?"

"அதான் கேமரா கீதே சார். அத்த கேளுங்க." குரலில் கோபம் இல்லை. "நான் இங்கியேதான் நின்னுகினு இருந்தேன்."

கோல் இல்லை என்று அறிவித்தேன். விதிப்படி சரி. ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது.

முதல் உதை ஐடி பையன்களுடையது. கீப்பர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பந்து மெதுவாகத்தான் வந்தது. அவர் கால் பக்கமாக உள்ளே போனது. அவருடைய ஆட்கள் கத்தினார்கள். அவர் பந்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"கணக்கு இப்ப சரியாப் போச்சு சார்."

அதன்பின் வந்த ஒவ்வொரு உதைக்கும் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தார். பாடி அணி அந்த ஒரு கோலில் தோற்றது. அவருடன் யாரும் பேசவில்லை. கையுறைகளை வண்டியில் மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

வரும் ஞாயிறு இறுதி ஆட்டம். முதலில் கீப்பரிடம் கேட்பேன், பிறகுதான் கைப்பேசி என்று நடத்துகிறவர்களிடம் சொல்லிவிட்டேன். கீப்பர் பொய் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். ஆபீஸில், சிக்னலில், சாப்பிடும்போது, அந்த முதுகையே ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.