தையலறைக் கூரையிலிருந்து ஒரு துண்டு

மார்ச் பதினான்கு. இலை அசையாத புழுக்கம். அந்தப் புழுக்கத்திலும் ஆய்வறை விசிறியைச் சுழல விடாமல், மூன்றாம் முறையாகக் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார் கல்நார் ஆய்வாளர். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடோ குழாய்ச் சுற்றோ, எது வந்தாலும் நுண்ணோக்கியில் கண்ணைப் பொருத்தியதும் அவருக்கு மூச்சுகூட மெதுவாகிவிடும். "சுருண்டு நெளிஞ்சா வெள்ளைக் கல்நார். ஈட்டி மாதிரி நின்னா இன்னும் பொல்லாதது. தலைமுடியை நூறாப் பிளந்தாலும் இந்த மெலிசு வராது" என்பார். உள்ளே போன நார் முப்பது ஆண்டு பொறுத்திருந்தும் நுரையீரலைப் பிடிக்கும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பார்.

நாரைவிட அவரை அஞ்சவைப்பது விண்ணப்பப் படிவம் இல்லாமல் வரும் மாதிரித் துண்டு. அண்டை வீட்டார் ஒரு துண்டை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "படிவம் எங்கே? யார் எடுத்தது?"

வீட்டிலும் அதே சட்டம். எங்கோ சும்மா கிடைத்த, விளிம்பு உதிரும் பழைய தகடுகளை மைத்துனர் தம் அக்காளின் தையலறைக்குக் கூரையாகப் போட்டு நான்கு ஆண்டுகள் ஆயின. "உங்க கண்ணாலே ஒரு தரம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "முறைப்படி வரட்டும்மா" என்பதே விடை. நாளை அதே கூரையைத் துளைத்து விசிறி மாட்டப் போகிறார் மைத்துனர்.

"நாலே நாலு ஓட்டை, அத்தான். அதுக்கும் படிவமா?" என்று நேற்றுச் சாப்பாட்டின்போது சிரித்தார். ஆய்வாளரும் சிரித்து வைத்தார்.

முற்பகலில் ஒரு மாதிரி வந்தது. இரட்டைப் பை, நனைத்து எடுத்ததாகக் குறிப்பு, தட்டச்சுப் படிவத்தில் கண்ணில் பட்ட ஒரு கட்டமும் காலியில்லை. அவர் உள்ளம் குளிர்ந்தது. தாட்சண்யம் புகுந்துவிடக் கூடாதென்று, முகப்பு எழுத்தர் முகவரிப் பகுதியை மடித்தே தருவார்; முடிவெழுதிய பின்னரே அதைப் பிரிப்பது இவர் வழக்கம். நோக்கினார். நெளிநெளியாகக் கிடந்தது வெள்ளைக் கல்நார். எழுதினார், கையொப்பமிட்டார், மடிப்பைப் பிரித்தார்.

அவருடைய வீட்டு எண். எடுத்த இடம்: தையலறை.

முகப்பில் விண்ணப்பதாரர் காத்திருந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு. அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"ஏன் சார், அந்த அறையிலே உக்காந்து தைக்கிறவங்க இப்போ என்ன பண்ணணும்?"

அவர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"துளை போடக் கூடாது. மெஷினை ஈரத்துணியாலே துடைச்சு, இன்னிக்கே நம்ம கூடத்துக்குக் கொண்டுவந்துடணும்."