வறுத்த நவதானியம்

வெளிநாட்டுக்குப் போகும் எந்தப் பொருளையும் எங்கள் பெரியம்மா வறுக்காமல் கட்டியதில்லை. துவரம்பருப்பு, உளுந்து, எள், கொள்ளு எல்லாம் வாணலியில் ஒரு சுற்று சுற்றிய பிறகுதான் டப்பாவுக்குள் போகும். வறுத்தால் வண்டு வைக்காது என்பார். துபாயில் வேலை பார்த்த அவருடைய தம்பிக்குக் குன்னத்திலிருந்து வருடக்கணக்கில் இப்படித்தான் அனுப்பிவந்தார். அதனால் மகளின் கல்யாணத்துக்கு மலேசியா கிளம்பியபோது, முளைப்பாலிகைக்கு எடுத்துவைத்த நவதானியத்தையும் கைப்பழக்கத்தில் வறுத்துவிட்டார். அவருக்கே அது நினைவில் இல்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, மண் நிரப்பிய சின்னக் கலயங்களில் ஊறவைத்த நவதானியத்தைத் தெளித்துத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். தாலி கட்டும்போது அது முளைத்து நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் தாத்தா காலத்தில் ஜெயங்கொண்டத்திலிருந்து போன குடும்பம் அது. மண் அங்கே கிடைக்கும், தானியம் மட்டும் பெண் வீட்டுக் காட்டில் விளைந்ததாக வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் சொல்லியிருந்தார்.

திருச்சியில் விமானம் ஏறியது நாங்கள் நான்கு பேர். பெரியம்மா, கல்யாணப் பெண்ணான அக்கா, என் அப்பா, நான். பெரியப்பா இறந்துவிட்டதால் அப்பாதான் பெண் வீட்டுப் பெரியவர். அக்கா பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். நான் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். சாமான்களை எழுதிச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பட்டுப்புடவை, தாம்பூலத் தட்டு, முறுக்கு டின், நவதானியம், பாஸ்போர்ட் நான்கு. ஏறும்போது எல்லாம் சரியாக இருந்தன.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து காரில் போகும்போதே மாப்பிள்ளை விசா வேலை என்று சொல்லி பாஸ்போர்ட்டுகளைக் கேட்டார். அப்பா தன்னுடையதையும் பெரியம்மாவுடையதையும் உடனே நீட்டினார். அக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். என்னுடையது பெட்டியில் இருப்பதாகச் சொன்னேன். அது என் மடியிலிருந்த பையில்தான் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

வீடு நன்றாக இருந்தது. வாசலில் இரும்புக் கிராதிக் கதவு, அதற்கு உள்பக்கமாகப் பூட்டு. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள், தெருவில் பார்த்தேன், உண்மைதான். ஆனால் மற்ற வீடுகளில் சாவி கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. இங்கே மாப்பிள்ளையின் அம்மா இடுப்பில் செருகியிருந்தார். மறுநாள் அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. அக்காவுடையது வரவில்லை. அவள் கேட்டதற்கு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, பத்திரமா இருக்கு என்றார்.

அன்று மாலை காபி டம்ளர்களைக் கழுவ உள்ளே போனேன். அந்த வீட்டு மூத்த மருமகள் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தார். அரியலூருக்குப் பக்கத்துக் கல்லங்குறிச்சிப் பெண். பெருமாள் கோயில் தேர் இன்னும் அதே தெருவழியாகத்தான் போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கல்யாணமாகி வந்த பிறகு ஊருக்கே போகவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"என்னுதும் பத்திரமாத்தான் இருக்கு."

பாலிகைக் கலயங்கள் பூஜை அறையில் வரிசையாக இருந்தன. சுமங்கலிகள் மட்டும் தொட வேண்டும் என்பதால் பெரியம்மா ஒதுங்கியே நின்றார். மாப்பிள்ளையின் அம்மாதான் தானியத்தை ஊறவைத்து, தெளித்து, தினமும் தண்ணீர் ஊற்றினார். பயறு ஒரே ராத்திரியில் வால் விடும். இது மூன்றாம் நாள் காலையிலும் கறுத்துக் கிடந்தது. ஏசி காற்று என்றார்கள். ஏசியை நிறுத்தியும் ஒன்றும் வரவில்லை. வீட்டில் பேச்சு குறைந்தது.

அக்கா தினமும் எழுந்ததும் முதலில் அங்கேதான் போனாள். பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்து, பக்கத்தில் போய் நின்றேன்.

"மொளைக்கலன்னா நிப்பாட்டிடுவாங்களாடி?" என்றாள் மெதுவாக.

அது பயத்தில் கேட்ட கேள்வி இல்லை என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவள் குளிக்கப் போனதும் ஒரு மொச்சையைத் தோண்டி எடுத்து நகத்தால் பிளந்தேன். எதையும் உடைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. உள்ளே முளைக்கரு பழுப்பாகச் செத்திருந்தது. முகர்ந்தபோது பெரியம்மாவின் சமையற்கட்டு மணத்தது. கொட்டையைத் திரும்ப மண்ணுக்குள் அழுத்திவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அந்தக் கலயம் மட்டும்தான் அப்போது அக்கா பக்கம் பேசிக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் பாஸ்போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். வெளிநாட்டில் ஆயிரம் நடைமுறை இருக்கும், படித்த பெண் நீயே இப்படிப் பேசலாமா என்றார். அக்காவிடம் போனேன். வேண்டாம் என்றால் இப்போதே சொல், நான் பேசுகிறேன் என்றேன்.

"என்னன்னு சொல்லுவ? பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிருக்காங்கன்னா? சிரிப்பாங்க."

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை மாப்பிள்ளையின் அம்மா எல்லோரையும் கலயங்களுக்கு முன்னால் உட்காரவைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. இத்தனை கல்யாணத்தில் இப்படிப் பார்த்ததில்லை, மனசுக்குச் சரியாகப் படவில்லை, அடுத்த முகூர்த்தம் பார்க்கலாமா என்றார். அப்பா மண்டபம், சாப்பாடு, சொந்தக்காரர்கள் என்று இழுத்தார். மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கைவிரல்கள் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தன.

அப்போது பெரியம்மா, ஊறப்போட்டது போக மிச்சத்தைக் கொண்டுவரச் சொன்னார். டப்பாவிலிருந்து நாலு பயறை வாயில் போட்டுக் கடித்தார். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது.

"அட கடவுளே, நாந்தான் சம்பந்தி வறுத்துட்டேன். முறுக்கு டின்னு கட்டறப்ப பருப்போட பருப்பா இதையும் வறுத்துட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவுக்கு உயிர் வந்தது.

"நல்லவேளை, பொண்ண வறுக்காம கூட்டியாந்தாங்க," என்றார் அப்பா.

வீடே சிரித்தது. மூத்த மருமகள் மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார். அக்காவின் விரல்கள் பாயை விட்டிருந்தன.

மதியம் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் பையில் முளைகட்டிய பயறு வந்தது. சமையலுக்கு விற்பது, வெள்ளையாக விரல் நீளத்துக்கு இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதை ஒவ்வொன்றாக மண்ணில் குத்தி நட்டார். மறுநாள் மண்டபத்துக்குக் கொண்டுபோகும்போது நிமிர்ந்து நின்றது. தாலி கட்டி முடிப்பதற்குள் எல்லாம் கலய விளிம்பில் தலை சாய்த்துப் படுத்துவிட்டது. போட்டோக்காரர் கலயங்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவைத்தார்.

பதிவுக்காக அன்றைக்கு அக்காவின் பாஸ்போர்ட் ஒருமுறை வெளியே வந்தது. கையெழுத்து முடிந்ததும் மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள் போனது. நாங்கள் ஊருக்குக் கிளம்பியபோது எல்லோர் எதிரிலும் கேட்டேன்.

"மாமா, அக்கா பாஸ்போர்ட்ட அக்காகிட்டயே குடுத்துடுங்க."

"அவ எங்க போவப்போறா?" என்றார் அவர். எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள். அவர் கொடுக்கவில்லை. அக்கா கிராதிக்கு உள்ளே நின்று கையாட்டினாள். பெரியம்மா காரில் ஏறியபிறகும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு வந்தார். பூட்டுகிற சத்தம் கார்வரை கேட்டது.

அதன்பிறகு அக்கா மாப்பிள்ளையின் போனிலிருந்து மட்டுமே பேசினாள். வீடியோவில் பாதி முகம்தான் தெரியும், போனை வேறு யாரோ பிடித்திருப்பார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, மழை பெய்கிறது, எல்லோரும் சௌக்கியம் என்பாள். கணக்கு டீச்சர் வேலைக்கு முயற்சி செய்தாயா என்று நான் கேட்டால் பேச்சு மழைக்குத் திரும்பிவிடும். மூத்த மருமகள் சொன்னதை ஒருநாள் பெரியம்மாவிடம் முழுவதும் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் குன்னம் போயிருந்தேன். அக்காவுக்கு அனுப்புவதற்காகப் பெரியம்மா உளுந்து வறுத்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் சாய்த்துவைத்துவிட்டு, கரண்டியை நிறுத்தாமலேயே கேட்டார்.

"பாப்பா, ஒம் பாஸ்போர்ட்டு ஒங் கைக்கு வந்துடுச்சா?"

அக்காவின் பாதி முகம் அசையவில்லை. படத்துக்கு வெளியே இருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"அது பத்திரமா இருக்கு அத்தை."

பெரியம்மாவின் கை நின்றது. சரி மாப்பிள்ளை, ஒடம்பப் பாத்துக்குங்க என்று சாதாரணமாகச் சொல்லிப் போனை வைத்தார். உளுந்து ஒருபக்கம் கருகத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைத்தார். தனியாகப் பெரம்பலூர் பஸ்கூட ஏறாதவர் அவர்.

"எனக்கு டிக்கெட் போடுறியா? போறதுக்கு எனக்கு மட்டும். வரதுக்கு ரெண்டு பேருக்கு."

போறதுக்கும் ரெண்டு பேர் பெரியம்மா, நானும் வரேன் என்றேன். அவர் வாணலியை இறக்கிவைத்துவிட்டு, தன் பாஸ்போர்ட்டை எடுக்க உள்ளே போனார்.