மூன்றாவது ஃபைல்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு போன். ராசிபுரம் பக்கம் கறிக்கோழி வளர்க்கும் சரோஜா அக்கா.

"ஏனுங்க சார், ஒரு சந்தேகமுங்க. கரண்ட் போய் வந்தா பெட்டில நாமதானுங்களே மறுக்கா இருபத்தெட்டு டிகிரி வெக்கோணும்?"

"இல்லீங்களே அக்கா. ஒருக்கா வெச்சா அதுவே ஞாபகம் வெச்சுக்குமே."



"பக்கத்துப் பண்ணையிலயும் உங்க பெட்டிதானுங்க. அவிக வெக்கறதில்லைன்னாங்க. நான் மூணு வாரமா வெச்சுக்கிட்டே இருக்கறனுங்க..."

இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் இப்படி ஒரு போன் வந்தால் பதற்றம் வரும். இப்போது நேராகச் சோர்வுதான் வருகிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நானும் நண்பர் குமரேசனும் நாமக்கல்லில் கோழி ஷெட்டுக்கு கன்ட்ரோலர் செய்கிறோம். ஷெட்டில் சூடு ஏறினால் ஃபேனை ஓடவிடும் பெட்டி. ஒரு நாள் குஞ்சுக்கு முப்பத்து மூன்று டிகிரி வேண்டும். ஒரு மாதக் கோழிக்கு அது ஆகாது, வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அதனால் வளர வளர டிகிரியைக் குறைப்பார்கள்.

அக்காவின் பெட்டி ஒவ்வொரு பவர்கட்டுக்குப் பிறகும் முப்பத்து மூன்றுக்கே போய்விடுகிறது; அதைத் தாண்டும்வரை ஃபேன் ஓடாது. அதாவது, இரண்டு கிலோ கோழியைப் பார்த்து, இது இன்றைக்குப் பொரித்த குஞ்சு என்று முடிவு செய்கிறது. சித்திரை வெயிலில்!

ஏன்?

மெமரியில் எது எங்கே உட்கார வேண்டும் என்று சொல்ல ஒரு சின்ன ஃபைல் உண்டு. லிங்கர் ஸ்கிரிப்ட் என்பார்கள். கல்யாண மண்டபத்தில் எந்த ரூம் மாப்பிள்ளை வீட்டுக்கு, எந்த ரூம் பாத்திரத்துக்கு என்று எழுதி ஒட்டுவோமே, அந்த மாதிரி. பெட்டி ஆன் ஆனதும் முதல் வேலையாக ரூம்களைக் கூட்டிப் பெருக்கும். ஒரே ஒரு ரூமை மட்டும் தொடக்கூடாது. பண்ணைக்காரர் வைத்த டிகிரி அங்கேதான் இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் குட்டி பேட்டரி ஒன்று அதைக் காப்பாற்றும்.

எங்களிடம் மூன்று வகை சிப். கடையில் கிடைத்ததை வாங்கிய காலத்து மிச்சம். இரண்டு ஒரே குடும்பம். மூன்றாவதற்கு ஆர்க்கிடெக்சரே, அதாவது உள்ளமைப்பே, வேறு. ஒவ்வொரு புது சிப்புக்கும் நான் என்ன செய்தேன்? பழைய லிங்கர் ஸ்கிரிப்டைக் காப்பி எடுத்தேன், பெயரை மாற்றினேன், மெமரி தொடங்கும் இடத்தை மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. பொதுவானதை ஒரே ஃபைலில் வைத்து மூன்றும் அதையே படிக்கட்டும் என்று குமரேசன் அப்போதே சொன்னார். "வேற ஆர்க்கிடெக்சருங்க, தனியாவே இருக்கட்டும்" என்றேன். பெரிய ஞானி மாதிரி.

அப்புறம் ஒரு நாள், 'இந்த ரூமைத் தொடாதே' என்ற வரியைச் சேர்த்தோம். இரண்டு ஃபைலில். மூன்றாவதில் இல்லை. அக்காவின் பெட்டியில் இருப்பது அந்த மூன்றாவது சிப். டெஸ்ட் செய்யவில்லையா? செய்தோமே... மேஜையில் இருந்த சர்க்யூட் போர்டில். அது முதல் வகை சிப்.

"யாரு மாத்துனதுன்னு ஃபைல் ஹிஸ்டரில பாக்கட்டுங்களா?" என்றார் குமரேசன்.

"வேண்டாங்க. தெரியும்."

உட்கார்ந்தோம். பொதுவான வரிகள் எல்லாம் ஒரே ஃபைலுக்குப் போயின. மெமரி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு பெரிது என்பதை மட்டும் அந்தந்த சிப் தன் ஃபைலில் சொல்லிக்கொள்ளும். இரண்டு நாள் ஆனது. இந்த முறை மூன்று போர்டிலும் கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை காலை ஷெட்டுக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் கீழே டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில்.

"இங்கயே உக்காந்துக்குவனுங்க. கரண்ட் எப்பப் போவும்னு யாரு கண்டா?"

"ஊட்டுக்குப் போறதே இல்லீங்களா?"

"எங்கீங்க போறது? எடப்பாடில தம்பி பொண்ணு கல்யாணம், அதுக்கே போவலீங்க. அத்தைன்னு இருக்கறது நான் ஒருத்திதான். ஊட்டுக்காரரை மட்டும் அனுப்பி வெச்சேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாமேங்க்கா?"

"பெரிய மெஷினு... அதுக்குன்னு ஒரு முறை இருக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

முழுசாகக் கெட்ட மெஷினுக்கு அன்றைக்கே போன் வந்துவிடும். பாதி கெட்டதற்கு வருவதில்லை. அந்த மீதிப் பாதியை யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்துகொண்டிருப்பார் — கல்யாணத்துக்குக்கூடப் போகாமல்.

"தப்பு எம்மேலதானுங்க்கா. ஒரு வரி எழுதாம விட்டுட்டேன்" என்றேன்.

"ஒரு வரிங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

புது புரோகிராமை ஏற்றினேன். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். இருபத்தெட்டு. நாலு முறை செய்தேன், நாலு முறையும் இருபத்தெட்டு. இனிமேல் நீங்கள் ஊர்ப்பக்கம் போகலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலமே போன்.

"கரண்ட் போய் வந்துச்சுங்க சார். இருபத்தெட்டுலயே நிக்குதுங்க!"

"ரொம்ப சந்தோசமுங்க்கா. இப்ப எங்க இருக்கறீங்க?"

"நாற்காலிலதானுங்க."

மெஷினுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அக்காவுக்கு என் மேல் நம்பிக்கை வரத்தான் நாளாகும்.