ரிக் வண்டியின் ஹாரன்

மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவேன். “ரெண்டு குடம் தண்ணிக்கு இத்தன ஓட்டமாம்மா?” என்று மகன் சிரிப்பான். நான் அதிகம் பேசத் தெரியாதவள். அவனுக்குப் பதில் சொல்வதென்றால், நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் காட்டில் போர்வெல் போட்ட நாளிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

எங்கள் காடு சங்ககிரிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். அந்த வருடம் கிணற்றில் எட்டிப் பார்த்தால் அடிப்பாறை தெரிந்தது. ஆழ்துளை போடும் ரிக் வண்டி எங்கள் காட்டுக்கு வருவதற்கு நான்கு நாள் முன்பு பக்கத்துக் காட்டில் நின்றது. அது அப்பாவுடைய அக்காவின் காடு, என் அத்தையின் காடு. அறுநூறு அடி இறக்கியும் அங்கே வெறும் பாறைத்தூள்தான் பறந்தது. இப்படித் தண்ணீர் இல்லாமல் போனால் ‘புகை போய்விட்டது’ என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அத்தை வீட்டில் மூன்று கறவை மாடுகள் இருந்தன. அவர்களுக்குச் சோறு போட்டதே அந்தப் பால்தான்.

தண்ணீர் கிடைத்தால் ரிக் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஊருக்கே அதுதான் சேதி. அதைக் கேட்டு ஆட்கள் ஓடி வருவார்கள், பொங்கல் வைப்பார்கள், ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி ஊற்றிக்கொள்வார்கள். எங்கள் காட்டில் அதெல்லாம் வேண்டாம் என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“தண்ணி வந்தாலும் ஹாரன் அடிக்காதீங்க. அந்தா தெரியற ஊட்டுலதான் எங்கக்கா இருக்குது.”

“சரீங்க. ஆனா ஹாரன் அடிச்சாத்தான் நம்ம வண்டிக்கு ராசிங்க” என்றார் வண்டிக்காரர்.

“அந்த ராசியத்தான் நாலு நாளைக்கு முன்னாடி பாத்தமே” என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்.

தூசி என் மூச்சுக்கு ஆகாது என்று அம்மா என்னைக் குழாய் ஏற்றி வந்த லாரியின் முன்பக்கத்தில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது லாரி நடுங்கியது, சீட்டு நடுங்கியது, என் பற்களும் நடுங்கின. ஒவ்வொரு குழாயும் இறங்கியதும் வெளியே வந்த தூளை அள்ளித் தரையில் வரிசையாகக் கூறு கட்டினார்கள். முதலில் செம்மண், பிறகு வெள்ளை, பிறகு சாம்பல். பூமியின் உள்ளே இத்தனை நிறம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சாம்பல் கூறுகள் நீண்டுகொண்டே போயின. அப்பா கடைசிக் கூறின் பக்கத்தில் குந்தியிருந்தார். அடுத்த கூறு விழுந்ததும் நகர்ந்து அதன் பக்கத்தில் குந்துவார். யாரோ நீட்டிய டீயைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார்.

மதியத்துக்கு மேல் தூள் பறப்பது நின்றது. குழம்பு மாதிரி சேறு வந்தது. அப்பா எழுந்து நின்றார். அடுத்த நொடி, ரிக் வண்டியின் உயரத்துக்கு வெள்ளையாக ஒன்று சீறிக்கொண்டு மேலே போனது. அது தண்ணீர் என்றே எனக்குப் புரியவில்லை. கீழே கிடக்கும், குடத்தில் அலம்பும், அதுதான் எனக்குத் தெரிந்த தண்ணீர். இது எழுந்து நின்றது. வெயில் பட்டு அதன் ஓரத்தில் வானவில் தெரிந்தது. லாரியின் கண்ணாடி முழுவதும் வழிந்தது. என் வாய் திறந்தபடியே இருந்திருக்கும். கை மட்டும் தலைக்கு மேலே தொங்கிய கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டது.

ஹாரன் காடு முழுவதும் கேட்டது.

அப்பா திரும்பிப் பார்த்தார். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. வண்டிக்காரர் ஓடி வந்து கதவைத் திறந்து என் கையை எடுத்துவிட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டுப் பக்கமே பார்த்தார்.

அத்தை வரப்பில் வந்துகொண்டிருந்தார். அவசரமில்லாமல், தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்கு வருவது போல நடந்து வந்தார். நேராகத் தண்ணீருக்குள் கையை நீட்டி, ஏந்தி, மண் கலந்திருந்ததைப் பார்க்காமல் குடித்தார்.

“உப்பு இல்ல தம்பி. நல்ல தண்ணி” என்றார் அப்பாவிடம்.

“கொழந்த தெரியாம இழுத்துப்போட்டா நங்கையா” என்றார் அம்மா. அப்பாவின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார். “மாட்டையெல்லாம் இங்கயே ஓட்டிக்கிட்டு வந்துருங்க. இனி என்ன, நம்ம தண்ணிதான.”

“மாடு காலைலயே போயிருச்சு சாமி. ஏவாரி வந்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்.”

எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் தாழ்ந்து குழாய்க்குள் போனது. அப்பா கீழே பார்த்துக்கொண்டு, “இன்னம் ஒரு நாள் பொறுத்திருக்கலாமேக்கா” என்றார். “ஒரு நாள்னு ஆருக்குத் தம்பி தெரியும்” என்றார் அத்தை. பிறகு லாரியிடம் வந்து என்னை அண்ணாந்து பார்த்தார். நான் சீட்டோடு ஒட்டிக்கொண்டேன்.

“நீதான் அடிச்சியா? இன்னொருக்கா அடி கண்ணு. எங்க காட்டுலதான் அடிக்கவே இல்ல. பக்கத்துல நின்னு ஒருக்காக் கேட்டுக்கறேன்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அத்தை லாரிக் கதவில் ஒரு கையை வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். உதடு மட்டும் நடுங்கியது. சத்தம் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைத்தேன். பாவம், காது வலிக்குமே என்று சீக்கிரமாகவே கயிற்றை விட்டுவிட்டேன்.