வரி ஆட்சேபமும் பழனியம்மாவின் பின்சுவரும்

நகர சபைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்குப் போட்ட மதிப்பீட்டு வரி அதிகம் என்று ஆட்சேபக் கடிதம் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தாயிற்று என்று மக்கள் நினைக்கிறார்கள். கடிதம் கொடுத்த பிறகுதான் தொல்லையே ஆரம்பிக்கிறது. இலங்கை மலையகத்தில் ஒரு சின்ன டவுனின் சபையில் வருமானப் பகுதி கிளார்க்காகப் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். தெரிந்துதான் சொல்கிறேன்.

1. கடிதம்

புதிய மதிப்பீட்டு நோட்டீஸ் போன வாரம் கவுண்டரில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் பழனியம்மா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கிடைத்த ஈபிஎஃப் காசை அப்படியே போட்டு டவுன் எல்லையில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்திலேயே பிள்ளை பெற்று, அறுபது வயதில்தான் சொந்தக் கதவுக்குப் பூட்டு வாங்கியவர்.

"தம்பி, இவ்வளவு வரி போட்டா நான் வீட்ட வாடகைக்கு விட்டுட்டு, திரும்ப என் கூடப்பொறந்த தம்பி லயத்துக்குத்தான் போகணும். அங்க அவன் பிள்ளைங்களுக்கே படுக்க இடமில்ல."

"வீட்டுல என்னக்கா குறை இருக்கு? குறை இருந்தா வரியும் குறையும். அதச் சொல்லுங்க, எழுதுவோம்."

பின்சுவர் மண்மேட்டை ஒட்டியிருந்தது. விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மழை பெய்தால் கூரைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகும். எல்லாவற்றையும் சிங்களத்தில் நானே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, நானே சீல் குத்தி ஏற்றுக்கொண்டேன். கிளார்க் அப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது. யாரும் கேட்கவில்லை.

2. பரிசோதனை

மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, மதிப்பீட்டு அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறார் என்று சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் போனது. பழனியம்மா அதை வாசிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். தேதியைச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. கவுண்டரில் ஆட்கள் நின்றார்கள்.

நானும் லயத்தில் வளர்ந்தவன்தான். தோட்டத்துத் துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே கழிவுநீர்க் கானைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, கிழிந்த சாக்கை எல்லாம் கண்ணுக்கு மறைவாகத் தள்ளிவிடுவார்கள் எங்கள் வீட்டிலும். பெரியவர் வரும்போது வீடு அலங்கோலமாகக் கிடந்தால் மானம் போய்விடும். இது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறியது. அன்றைக்கு எனக்கு அது ஏன் ஞாபகம் வரவில்லை என்று இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அதனால் மொழிபெயர்க்க என்னையும் அனுப்பினார்கள். வாசலில் கால் வைத்ததுமே வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை. பின்சுவரில் சிமெந்து பூசி, அதன்மேல் பச்சை நிறம் அடித்திருந்தது. கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கும் மகன் கடன் வாங்கி அனுப்பினானாம். கூரையில் இரண்டு புதுத் தகரம். உட்காரப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்ட கதிரைகள், கண்ணாடிக் கோப்பையில் டீ, தட்டில் பிஸ்கட்.

அதிகாரி நல்ல மனிதர். கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வெடிப்பு எங்கே என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இப்ப ஒண்ணுமில்லீங்க மாத்தயா, எல்லாம் சரியா இருக்கு. நீங்க டீய குடிங்க, ஆறிடும்."

அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானா? வேறு ஏதாவது சொல்கிறாரா?" என்றார்.

"அவ்வளவுதான் சேர்" என்றேன்.

அந்த இடத்தில் வாயைத் திறந்து, இந்தப் பூச்சு ஒரு வாரத்துப் பூச்சு, உள்ளே வெடிப்பு அப்படியே இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது என் வேலை இல்லை என்று நினைத்தேன். டீயைக் குடித்தேன். பிஸ்கட்டும் சாப்பிட்டேன்.

3. முடிவு

முடிவுக் கடிதமும் சிங்களத்தில்தான் வந்தது. அதையும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. வீடு நல்ல நிலையில் உள்ளது, குறை எதுவும் இல்லை என்பதை உரிமையாளரே ஒப்புக்கொண்டார், ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது. கோர்ட்டுக்குப் போகலாம் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் கொஞ்சம் அழுத்தியே வாசித்தேன். கோர்ட்டுக்கு அவர் எங்கே போவார்?

பழனியம்மா கோபப்படவில்லை. என்னைக் குறை சொல்லவுமில்லை.

"ஆமா தம்பி, நான்தானே சொன்னேன். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட சுவரு வெடிச்சிருக்குன்னு எப்படிங்க சொல்றது?"

அடுத்த மாதமே மரக்கறி வியாபாரி ஒருவருக்கு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தம்பியின் லயத்துக்குப் போய்விட்டார். பிறகு நான் ஓய்வு பெற்ற நாளில் சபைத் தலைவர் பொன்னாடை போர்த்தி, "மொழிபெயர்த்தா இவரு ஒரு சொல்ல கூட்டவும் மாட்டாரு, குறைக்கவும் மாட்டாரு" என்று புகழ்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது.

பிள்ளைகளே, பரிசோதனைத் தேதி சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஒழுகுவது ஒழுகட்டும், வெடித்தது வெடித்தபடி இருக்கட்டும், அவர்கள் பார்த்துவிட்டுப் போகும் வரைக்கும் எதிலும் கை வைக்க வேண்டாம். அப்படியும் அந்த மக்கள் வெட்கப்பட்டுக் குறையை மறைத்தால், சபையில் என்ன சொல்வார்கள் என்று பார்க்காமல் நீங்களே போய்ச் சுவரைக் காட்டுங்கள். நான் காட்டவில்லை. அதனால் ஒரு பொம்பளை தன் வீட்டுச் சாவியை வேறு ஆளின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.