லின்னுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்

தென்காசியில் ஆவுடையப்பன் வாத்தியாருக்கு இருந்த மரியாதை தாசில்தாருக்குக்கூட இருந்ததில்லை. சிவகிரியிலிருந்து வந்து, மிடில் ஸ்கூலில் இருபத்தெட்டு வருஷம் இங்கிலீஷ் நடத்தியவர். கோர்ட்டு நோட்டீஸ் வந்தாலும் தந்தி வந்தாலும் ஜனங்கள் அவர் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். அவர் என்ன வாசித்துச் சொல்கிறாரோ அதுதான் அர்த்தம், மறுபேச்சுக் கிடையாது. அவர் வீட்டுக்கு எதிரே வெற்றிலை பாக்குக் கடை வைத்திருக்கிற தளவாய் நான். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகவே சொல்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். லின் விஷயத்தை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

லின் சீனாக்காரன். முதுகில் பட்டுத்துணி மூட்டையோடு ஊர் ஊராகத் திரிகிற வியாபாரி. சீசன் வந்தால் குற்றாலத்துப் பங்களாக்களில் துரைமாருக்கும் ஜமீன் வீட்டாருக்கும் விற்பான். முப்பத்தாறாம் வருஷம் ஒரு துரைசானி கேட்ட நிறம் அவனிடம் இல்லை. 'நோ' என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றிருக்கிறான். 'ஸாரி' சொல்லத் தெரியாதவனெல்லாம் என் வாசல்படி ஏறக்கூடாது என்று அவள் விரட்டிவிட்டாளாம். யாரோ வாத்தியாரைக் கைகாட்ட, நோட்டுப் புத்தகத்தோடு தென்காசிக்கு வந்து சேர்ந்தான்.

அந்த ஒரு வார்த்தைக்கு எட்டு நாள் பாடம் நடந்தது. ஒருவன் காலை மிதித்துவிட்டால் எப்படிச் சொல்ல வேண்டும், கேட்ட சரக்கு இல்லையென்றால் எப்படி, ஒரு வீட்டில் சாவு என்று கேள்விப்பட்டால் எப்படி என்று வாத்தியார் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, லின் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவன் பாஷையில் எழுதிக்கொள்வான். ஒன்றுக்கு எழுதினது இன்னொன்றுக்கு வராது. வாத்தியாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கடைக்கு வந்து என்னிடம் சொன்னார்:

"வே தளவாய், அவுகளுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வார்த்தை இருக்காம். வெள்ளைக்காரன் ஒண்ணையே வச்சு ஓட்டுதான்."

"நம்ம ஊர்ல என்ன சொல்லுதோம் அண்ணாச்சி?"

"நாமளா? மிதிபட்டவனைப் பாத்து, கண்ணு தெரியலையாலேன்னு ஏசுதோம்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். லின்னை 'மிஸ்டர் லின்' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். எங்களுக்கெல்லாம் அவன் வெறும் சீனாக்காரன்.

ஒன்பதாம் நாள் காலையில் வாத்தியார் சம்சாரம் சங்கரம்மாளுடைய கல் வைத்த கம்மலைக் காணவில்லை. தாய்வீட்டில் போட்டது. முந்தின நாள்தான் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். வந்ததும் கழற்றிக் கண்ணாடி மாடத்தில் வைத்ததாக அந்த அம்மாள் சாதித்தாள்.

"அந்தச் சீனாக்காரனைத் தவிர வீட்டுக்குள்ள வேற யாரு வந்தா?" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதுதான் தாமதம், தெருவே திரண்டுவிட்டது.

எங்கள் பக்கத்தில் களவு சந்தேகம் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி, சந்தேகப்பட்ட ஆளிடம் அந்த நெருப்பைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது. அணைத்துவிட்டால் விட்டுவிடுவோம். அணைக்க மறுத்தால் அவன்தான் கள்ளன். போலீஸில் இருந்து பென்ஷன் வாங்கின சங்கிலிப்பாண்டி, லின்னைத் தெருமுனை சுடலைமாடன் கோயிலுக்கு இழுத்து வந்தார். சூடம் என் கடையிலிருந்துதான் போயிற்று. நானே கொளுத்தியும் வைத்தேன்.

லின் கையை நீட்டவில்லை. நெருப்பைப் பார்த்தான், சுடலைமாடனைப் பார்த்தான், பிறகு வாத்தியாரிடம் படபடவென்று இங்கிலீஷில் ஏதோ சொன்னான். கும்பிடுகிற மாதிரி கையைச் சேர்த்துக்கொண்டு, எங்களைக் காட்டிக் காட்டிச் சொன்னான். அப்போது அவனுக்குத் தமிழில் விலை சொல்ல மட்டும்தான் வரும்.

"என்ன சொல்லுதான் அண்ணாச்சி?" என்றார் சங்கிலிப்பாண்டி.

வாத்தியார் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, "அணைக்க மாட்டேங்கான்" என்றார்.

அவ்வளவுதான். மூட்டையைப் பிரித்து உதறினார்கள். சாரல் பெய்து தெருவெல்லாம் சகதி. பட்டு முழுவதும் அதில் புரண்டது. கம்மல் இல்லை. எங்கேயோ ஒளித்துவிட்டான் என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்து, நாலு அறை வைத்து அவனை ஊரைவிட்டு விரட்டினார்கள்.

நாலாம் நாள், வாத்தியார் வீட்டுக்கு நான் வெற்றிலை கொடுக்கப் போயிருந்த நேரம், துணி வெளுக்கிற வள்ளித்தாய் ஒரு சேலையோடு வந்தாள். முந்தியில் ஒரு முடிச்சு. அருவியில் நிற்கப் போகுமுன் சங்கரம்மாளே கழற்றி முடிந்துகொண்டு, பிறகு மறந்துபோய் ஈரச் சேலையோடு சேர்த்து வெளுப்புக்குப் போட்டிருக்கிறாள். முடிச்சுக்குள் இரண்டு கம்மலும் இருந்தன.

"வெளிய சொல்லாதிய, மானம் போயிரும்" என்று சங்கரம்மாள் அழுதாள். கம்மல் புதிதாகச் செய்தது என்று தெருவுக்குச் சொல்லிக்கொண்டார்கள். அன்றைக்கு மத்தியானம் வாத்தியார் என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்தார். வெற்றிலையை எடுத்தார், போடவில்லை.

"வே, அன்னைக்கு அவன் காரணம் சொன்னான். சாமிக்கு முன்னால ஏத்தின நெருப்பைக் கையால அணைச்சா குடும்பம் அழிஞ்சிரும்னு அவுக அம்மா சொல்லியிருக்காளாம். வேற எந்தச் சத்தியம்னாலும் பண்ணுதேன், இவங்களுக்குச் சொல்லுங்கன்னு கெஞ்சினான். நான் சொல்லலை."

"ஏன் அண்ணாச்சி?"

"எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாவ. சீனாக்காரனுக்குப் பரிஞ்சு பேசுதான்னு சொல்லிருவாங்களோன்னு..." எடுத்த வெற்றிலையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

அதன்பிறகு செங்கோட்டை, ராஜபாளையம், மதுரை என்று லீவு நாளெல்லாம் தேடினார். மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

மறு வருஷம் ஆடியில், ஐந்தருவியில் லின் கடை போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு ஓடினார். பெரிய சீசன், எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான். சங்கிலிப்பாண்டி பாறைமேல் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் லின் முன்னால் போய் நின்று இங்கிலீஷில் பேசினார். நீளமாகப் பேசினார். நாலைந்து தடவை அந்த 'ஸாரி' என் காதில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. லின் கடைசிவரை கேட்டான். அந்த ஒரு வருஷத்தில் அவனுக்குத் தமிழ் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. எங்கள் ஆட்கள் பக்கம் கையைக் காட்டினான்.

"அவங்க இங்கிலீஷ் தெரியாது மாஸ்டர். தமிழ்ல சொல்லு. லின் கள்ளன் இல்லை, சொல்லு."

வாத்தியார் திரும்பினார். எண்ணெய்க் கையோடு சங்கிலிப்பாண்டி எழுந்து வந்துவிட்டார். அவர் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

"என்ன அண்ணாச்சி, களவாணிப்பய என்ன சொல்லுதான்?"

வாத்தியார் வாயைத் திறந்தார். லின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன்.

"துணி வேணுமான்னு கேக்கான்" என்றார் வாத்தியார்.

லின்னுக்கு அது நன்றாகவே புரிந்தது. பட்டை மடித்து மூட்டை கட்டிக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கம் நடந்தான். அடுத்த சீசனுக்கு அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

வாத்தியாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கம்மல் கிடைத்தது எனக்கும் தெரியும். தமிழும் எனக்கு நன்றாகப் பேச வரும். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு நானும் சும்மாதான் இருந்தேன்.